ஓடுபாதையில் புல் முளைக்க விடாதவர்!

குட்டீஸ்! துபாயிலோ, குவைத்திலோ வேலை பார்க்கும் மாமா, சித்தப்பா யாராவது உங்கள் சொந்தத்தில் இருக்கிறார்களா? அவர் லீவில் ஊருக்கு வந்து பெட்டியைத் திறக்கும் நேரத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். வீட்டிலுள்ள வாண்டுகள் எல்லாம் பெட்டியைச் சுற்றித்தான் உட்கார்ந்திருக்கும். சென்ட் பாட்டில், பேரீச்சம்பழம், முக்கோண வடிவில் நீளமாக ஒரு சாக்லேட்... எல்லாம் வெளியே வந்த பிறகு, பளபளப்பான பிளாஸ்டிக் பை ஒன்று தனியாகக் கிடக்கும். அதில் 'டியூட்டி ஃப்ரீ' என்று எழுதியிருக்கும்.

சாக்லேட்டை எடுத்துக்கொண்டு பையை ஓரமாகப் போட்டுவிடுவோம், இல்லையா? ஆனால் அந்தப் பைக்கும் ஒரு கதை உண்டு. அது துபாயில் தொடங்கிய கதை அல்ல. எப்போதும் மழை தூறிக்கொண்டிருக்கும் அயர்லாந்து நாட்டில், ஆற்றங்கரைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய ஒரு விமான நிலையத்தில் தொடங்கியது. 'இனி இங்கே விமானமே நிற்காது' என்ற நிலை வந்தபோது, அந்த ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள்? வாருங்கள், போய்ப் பார்க்கலாம்!

கடலுக்கு முன் கடைசி பங்க்

முதலில் அட்லஸை எடுத்து ஐரோப்பா பக்கத்தைத் திறங்கள். இங்கிலாந்துக்கு இடதுபுறம் ஒரு தீவு தெரிகிறதா? அதுதான் அயர்லாந்து. அதன் மேற்குப் பக்கத்தில் ஷானன் என்ற ஆறு கடலில் கலக்கிறது. அதன் வடகரையில்தான் ஷானன் விமான நிலையம் இருக்கிறது. அதற்கும் மேற்கே பார்த்தால் அட்லாண்டிக் கடல்தான். மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்தால்தான் அந்தக் கரை வரும்.

1940-களில் விமானங்களுக்கு முன்னால் பெரிய விசிறிகள் சுழலும். அவற்றால் ஒரே மூச்சில் லண்டனிலிருந்து நியூயார்க் வரை பறக்க முடியாது. அவ்வளவு எரிபொருளைச் சுமக்க முடியாது என்பதுதான் காரணம். மேற்கு நோக்கிப் பறக்கும்போது எதிர்க்காற்று வேறு அடிக்கும். அதனால் கடலைத் தாண்டுவதற்கு முன் ஷானனில் இறங்கி டாங்கை நிரப்பிக்கொள்ளும். கடலைத் தாண்டியதும் கனடாவின் கேண்டர் என்ற இடத்தில் இறங்கி மறுபடியும் நிரப்பும்.

புரிகிறதா? சென்னையிலிருந்து மதுரைக்குப் போகிற பஸ் வழியில் ஒரு மோட்டலில் நிற்குமே, அதுபோலத்தான் ஷானன். மோட்டலுக்கு என்றே யாரும் பயணம் போவதில்லை. ஆனால் பஸ் நின்றால் டீக்கடை, பழக்கடை, பொம்மைக்கடை எல்லாம் பிழைக்கும். விமானம் நின்றதால் ஷானனில் சமையல்காரர், பரிமாறுபவர், எரிபொருள் நிரப்புபவர், மெக்கானிக் என்று பல பேருக்கு வேலை கிடைத்தது.

அங்கே இறங்கும் பயணிகளுக்குச் சாப்பாடு போடும் பொறுப்பில் இருந்தவர் பிரெண்டன் ஓ ரீகன். அதே கிளேர் மாவட்டத்தில் 1917-ல் பிறந்தவர். ஹோட்டல் நடத்திய குடும்பம். விருந்தாளியின் முகம் பார்த்தே தேவையைப் புரிந்துகொள்ளும் பழக்கம் அவருக்குச் சின்ன வயதிலேயே வந்துவிட்டது.

எந்த நாட்டிலும் இல்லாதவர்கள்!

எரிபொருள் நிரப்பும் நேரத்தில் பயணிகள் என்ன செய்வார்கள்? சாப்பிடுவார்கள். ஜன்னல் வழியாக மழையைப் பார்ப்பார்கள். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். பையில் பணம் இருக்கிறது, கையில் நேரம் இருக்கிறது. வாங்குவதற்குத்தான் எதுவும் இல்லை. ஓ ரீகன் இதைக் கவனித்தார்.

இந்த இடத்தில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு கடையில் பொம்மை 140 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் 100 ரூபாய் பொம்மையின் விலை, 40 ரூபாய் அரசாங்கத்தின் வரி. அந்த வரிப் பணத்தில்தான் நாம் நடக்கிற சாலை, படிக்கிற பள்ளிக்கூடம், ஊசி போடும் அரசு ஆஸ்பத்திரி எல்லாம் நடக்கின்றன.

சரி, அமெரிக்காவுக்குப் போகும் வழியில் ஒரு மணி நேரம் இறங்கிய பயணி, அயர்லாந்துக்குள் வரவே இல்லையே! அந்த நாட்டுச் சாலையில் நடக்கப் போவதில்லை. வாங்கிய பொருளையும் அங்கே வைத்துப் பயன்படுத்தப் போவதில்லை. விமானத்தில் எடுத்துக்கொண்டு போய்விடுவார். அவரிடம் எதற்கு அந்த 40 ரூபாய்? கடலில் போகும் கப்பல்களில் அப்போதே வரியில்லாமல் பொருள் விற்பதுண்டு. கப்பலுக்கு ஒரு நியாயம், விமானத்துக்கு ஒரு நியாயமா? இதுதான் ஓ ரீகனின் கேள்வி.

அரசாங்கம் ஒப்புக்கொண்டது. 1947-ல், நம் நாடு விடுதலை பெற்ற அதே ஆண்டில், ஷானனைச் சுங்க வரியில்லாத விமான நிலையமாக அறிவித்து அயர்லாந்து ஒரு சட்டம் கொண்டுவந்தது. உலகத்திலேயே அப்படிப்பட்ட முதல் விமான நிலையம் அதுதான். அங்கே திறந்த சின்னக் கடைதான் உலகின் எல்லா விமான நிலைய டியூட்டி ஃப்ரீ கடைகளுக்கும் பாட்டி!

வெறும் கடையோடு ஓ ரீகன் நிற்கவில்லை. வருகிறவர்களை நன்றாகக் கவனிக்க ஆட்களுக்குப் பயிற்சி வேண்டுமே! 1951-ல் ஷானனிலேயே ஒரு ஹோட்டல் கல்லூரியையும் தொடங்கினார்.

வானத்தில் ஒரு பைபாஸ்

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் வந்தது ஜெட்.

1958 அக்டோபரில் அட்லாண்டிக்கின் மேல் ஜெட் விமானங்கள் பயணிகளை ஏற்றிக்கொண்டு பறக்கத் தொடங்கின. வேகம் அதிகம். போகப் போக அவை பறக்கும் தூரமும் கூடியது. லண்டனிலோ பாரிஸிலோ புறப்பட்டால் நேராக நியூயார்க்! நடுவில் ஷானனில் இறங்கவேண்டிய அவசியமே இல்லை.

உங்கள் ஊர்ப் பக்கம் நாற்கரச் சாலை வந்தபோது என்ன நடந்தது என்று அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். ஊருக்கு வெளியே பைபாஸ் போட்டதும் பஸ்கள் பழைய ரோட்டுக்கு வருவதில்லை. அங்கே இருந்த டீக்கடையிலும் டிபன் கடையிலும் பெஞ்சுகள் காலியாகிவிடும். ஷானனுக்கு வானத்திலேயே பைபாஸ் போட்டுவிட்டார்கள்!

அந்தக் காலத்து அயர்லாந்தில் வேலை போவது சாதாரண விஷயம் இல்லை. வேலை போனால் வேறு வேலை கிடைக்காது. பெட்டியைக் கட்டிக்கொண்டு இங்கிலாந்துக்கோ அமெரிக்காவுக்கோ கப்பல் ஏறவேண்டியதுதான். 1951-லிருந்து 1961-க்குள் மட்டும் சுமார் 4 லட்சம் பேர் அப்படி நாட்டைவிட்டுப் போனார்கள். 1961-ல் அயர்லாந்தின் மொத்த மக்கள்தொகையே 28 லட்சம்தான். ஒவ்வொரு தெருவிலும் ஒரு வீடு பூட்டியிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் போய்விட்டான், அடுத்து அக்கா போவாள், பத்தாவது முடித்ததும் நாமும் போகவேண்டும் என்று நினைத்துக்கொண்டு ஒரு பையன் பள்ளிக்கூடம் போனால் எப்படி இருக்கும்?

விமானம் நிற்காவிட்டால் ஷானனின் ஓடுபாதையில் புல்தான் முளைக்கும். பலரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

கேள்வியை மாற்றினார்!

'விமானங்களை எப்படித் திரும்ப வரவைப்பது?' என்று எல்லோரும் கேட்டார்கள். ஓ ரீகன் அந்தக் கேள்வியைத் திருப்பிப் போட்டார். 'எரிபொருளுக்காக யாரும் இனி வரமாட்டார்கள். அப்படியானால் வேறு எதற்காக வருவார்கள்?'

கையில் என்னென்ன இருக்கிறது என்று பார்த்தார்கள். நீளமான, தரமான ஓடுபாதை இருக்கிறது. பக்கத்தில் காலியான நிலம் இருக்கிறது. வேலைக்கு ஏங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வரியில்லாமல் பொருள் விற்ற அனுபவம் இருக்கிறது.

கடையில் பொருளுக்கு வரி வேண்டாம் என்றால், தொழிற்சாலைக்கும் அதையே செய்தால் என்ன?

1959-ல் ஷானன் விமான நிலைய வளர்ச்சிக்கு என்றே அரசாங்கம் ஒரு நிறுவனத்தை அமைத்தது. அதன் தலைவர் ஓ ரீகன். விமான நிலையத்தை ஒட்டி ஒரு தொழிற்பேட்டை எழுந்தது. அதற்கு ஒரு விசேஷம் உண்டு. வெளிநாட்டிலிருந்து மூலப்பொருளை அங்கே கொண்டுவந்தால் சுங்க வரி கிடையாது. அதைப் பொருளாகச் செய்து வெளிநாட்டுக்கே அனுப்பினாலும் வரி கிடையாது. அயர்லாந்துக்குள் விற்றால்தான் வரி. ஏற்றுமதியில் வரும் லாபத்துக்கும் பல ஆண்டுகள் வரிச் சலுகை தந்தார்கள்.

விளையாட்டில் 'இந்த வட்டத்துக்குள் நின்றால் அவுட் கிடையாது' என்று கோடு போடுவீர்களே, அதேமாதிரி! இதற்குத்தான் 'தடையற்ற வர்த்தக மண்டலம்' என்று பெயர். நவீன விமான நிலையம் ஒன்றை ஒட்டி உலகில் முதன்முதலாக அமைந்த வர்த்தக மண்டலம் இதுதான்.

'இதனால் அரசாங்கத்துக்கு என்ன லாபம்?' என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி! தொழிற்சாலை வராவிட்டால் வரியும் இல்லை, வேலையும் இல்லை. வந்தால் வரி குறைவுதான், ஆனால் வேலை கிடைக்கும். சம்பளம் வாங்கியவர் உள்ளூர் கடையில் அரிசியும்... மன்னிக்கவும், அங்கே உருளைக்கிழங்கு! உருளைக்கிழங்கும் ரொட்டியும் வாங்குவார். வீடு கட்டுவார். பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பார். பணம் அந்த ஊருக்குள்ளேயே சுற்றும்.

ஊரே இல்லாத இடத்தில் ஊர்

ஹாலந்து நாட்டு நிறுவனம் ஒன்று வந்து பியானோ செய்தது. ஜப்பானிலிருந்து சோனி வந்து டிரான்சிஸ்டர் ரேடியோ செய்தது. தொழிற்சாலைக் கருவிகளுக்குத் தேவையான வைரம் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றும் வந்தது. இது கழுத்தில் போடும் வைரம் இல்லை. கல்லையும் உலோகத்தையும் அறுக்கப் பயன்படுவது.

வேலைக்கு வருகிறவர்கள் எங்கே தங்குவது? 1960-களில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வீடுகள் கட்டினார்கள். பிறகு பள்ளிக்கூடம், கடைத்தெரு, விளையாட்டு மைதானம் என்று ஒவ்வொன்றாக வந்தன. அப்படி உருவான ஊருக்கும் ஷானன் என்றே பெயர். இன்று அங்கே சுமார் 10,000 பேர் வசிக்கிறார்கள். பொதுவாக ஊருக்காகத்தான் விமான நிலையம் கட்டுவார்கள். இங்கே விமான நிலையத்துக்காக ஊர் கட்டினார்கள்!

சுற்றுலாப் பயணிகளையும் விடவில்லை. பக்கத்திலேயே பன்ராட்டி என்ற பழைய கோட்டை இருந்தது. அதைப் பழுதுபார்த்து 1960-ல் மக்கள் பார்க்கத் திறந்துவிட்டார்கள். 1963 முதல் அங்கே ராஜா காலத்து விருந்து நடத்தினார்கள். மெழுகுவத்தி வெளிச்சம், பழங்கால உடையில் பாடும் பெண்கள், கையாலேயே சாப்பிடும் இறைச்சி. கையால் சாப்பிடுவது நமக்குப் பெரிய அதிசயம் இல்லைதான். ஆனால் அமெரிக்காவிலிருந்து வந்தவர்களுக்கு ஒரே குஷி!

எல்லாமே ஜெயித்ததா?

இல்லை, குட்டீஸ். அதையும் சொல்லிவிட வேண்டும்.

வந்த தொழிற்சாலைகள் எல்லாம் நிலைக்கவில்லை. சோனியின் ரேடியோ தொழிற்சாலையும், பியானோ தொழிற்சாலையும் பின்னாளில் மூடப்பட்டன. சலுகை தருகிற இடத்துக்கு வருகிறவர்கள், வேறு இடத்தில் அதைவிட அதிகச் சலுகை கிடைத்தால் அங்கே போய்விடுவார்கள். இது எல்லா வர்த்தக மண்டலங்களுக்கும் உள்ள தலைவலி.

இன்னொரு தலைவலி வேறு. அயர்லாந்துக்கும் அமெரிக்காவுக்கும் இடையே பறக்கும் விமானங்கள் ஷானனில் இறங்கியே ஆகவேண்டும் என்று அரசாங்கம் வெகுகாலம் ஒரு விதி வைத்திருந்தது. தலைநகர் டப்ளினுக்குப் போகிறவர்கள், 'எங்களை எதற்கு இங்கே இறக்குகிறீர்கள்?' என்று சலித்துக்கொண்டார்கள். விதி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து 2008-ல் முடிவுக்கு வந்தது. 'வந்தே ஆகவேண்டும்' என்று பிடித்து இழுத்தால் வருகிறவர் மனசோடு வரமாட்டார், அல்லவா?

இன்று ஷானன் சின்ன விமான நிலையம்தான். ஆண்டுக்குச் சுமார் 20 லட்சம் பயணிகள். துபாய் விமான நிலையத்துக்கு 2024-ல் வந்து போனவர்கள் 9 கோடிக்கும் மேல்! ஆனாலும் ஷானனின் ஓடுபாதையில் புல் முளைக்கவில்லை. சுற்றியுள்ள நிறுவனங்களில் ஆயிரக்கணக்கானோர் வேலை பார்க்கிறார்கள். விமானங்களைப் பழுதுபார்ப்பது, பெயின்ட் அடிப்பது எல்லாம் அங்கே நடக்கின்றன. அமெரிக்காவுக்குப் போகிறவர்கள் அந்த நாட்டின் குடியேற்றச் சோதனையையும் சுங்கச் சோதனையையும் ஷானனிலேயே முடித்துக்கொள்ளலாம். 2009 முதல் இந்த வசதி உண்டு.

இன்னொரு வியாபாரமும் அங்கே முளைத்தது. 1975-ல் டோனி ரயான் என்பவரின் முயற்சியில், விமானங்களை வாடகைக்கு விடும் நிறுவனம் ஒன்று ஷானனில் தொடங்கியது. வாடகை சைக்கிள் மாதிரி வாடகை விமானம்! அந்த நிறுவனம் பிறகு நொடித்துப்போனது. ஆனால் அதில் தொழில் கற்றவர்கள் பல நிறுவனங்களுக்குப் போய் அதே தொழிலை வளர்த்தார்கள். இன்று உலகிலேயே விமான வாடகைத் தொழிலுக்குப் பெயர்போன நாடு அயர்லாந்து. நம் ஊர் வானத்தில் பறக்கும் விமானங்களிலும் அயர்லாந்து நிறுவனங்களிடம் வாடகைக்கு எடுத்தவை நிறைய உண்டு.

பாடம் கேட்க வந்தவர்கள்

ஷானன் செய்ததைப் பார்க்கப் பல நாடுகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். 1980-ல் சீனாவிலிருந்து ஒரு குழு வந்தது. அதில் வந்த ஜியாங் ஜெமின் பின்னாளில் சீனாவின் அதிபரானார். அதே 1980-ல்தான் சீனாவின் ஷென்சென் சிறப்புப் பொருளாதார மண்டலம் ஆனது. அன்று சிறிய ஊர், இன்று மாபெரும் நகரம்!

நம் நாட்டிலும் இந்த வகை மண்டலங்கள் உண்டு. 1965-ல் குஜராத்தின் காண்ட்லாவில் ஒன்று அமைந்தது. 1984-ல் சென்னைத் தாம்பரத்திலும் ஒன்று அமைந்தது. மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போனால் தாம்பரம் வந்துவிடும். 'மெப்ஸ்' என்று கண்டக்டர் குரல் கொடுப்பதைக் கேட்டிருக்கிறீர்களா? அந்த நிறுத்தம்தான்!

சரி, துபாய்? 1983-ல் துபாய் விமான நிலையத்தில் டியூட்டி ஃப்ரீ கடை தொடங்க நினைத்தார்கள். யாரைக் கேட்பது? அயர்லாந்தைத்தான் கேட்டார்கள். அங்கிருந்து போன குழுவில் கோல்ம் மெக்லாக்லின் என்பவர் இருந்தார். ஷானன் கடையில் வேலை பார்த்தவர். கடையைத் தொடங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று போனவர், அங்கேயே தங்கிவிட்டார். 40 ஆண்டுகள் அந்த நிறுவனத்தில் இருந்து அதை உலகின் மிகப்பெரிய விமான நிலையக் கடைகளில் ஒன்றாக வளர்த்தார்.

ஆக, மாமா கொண்டுவந்த பை எங்கிருந்து எங்கே வந்திருக்கிறது பார்த்தீர்களா? ஷானனிலிருந்து துபாய், துபாயிலிருந்து உங்கள் வீட்டுக் கூடம்!

ஓ ரீகன் 2008-ல் காலமானார். அவர் விமானம் எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஜெட்டை நிறுத்தவும் அவரால் முடியவில்லை. பைபாஸ் போட்டாயிற்று என்று தெரிந்ததும் கடையை மூடாமல், 'நம்மிடம் வேறு என்ன இருக்கிறது?' என்று கேட்டார். அதனால் ஒரு ஊர்ப் பிள்ளைகள் பெட்டி கட்டாமல், சொந்த ஊரிலேயே வேலைக்குப் போக முடிந்தது.

செய்து பாருங்கள்!

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊர்ப் பழைய ரோட்டுப் பக்கமோ, பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கமோ அப்பா அம்மாவுடன் ஒரு நடை போய் வாருங்கள். கூட்டம் குறைந்துபோன ஒரு கடையைப் பாருங்கள். 'இந்த வழியாகப் போகிறவர் எதற்காக இங்கே நிற்பார்?' என்று நோட்டில் மூன்று காரணங்களை எழுதுங்கள். எழுதியதைக் கடைக்காரத் தாத்தாவிடமும் காட்டுங்கள். அவரிடம் நான்காவது காரணம் இருந்தாலும் இருக்கும்!